இரண்டு மில்லிகிராம்

கோக் என்றதும்
போனில் அக்காள் சிரித்தாள்:
"இந்தக் குளிரில் அதையா குடிக்கிறாய்?"
குடிக்கவில்லை அக்கா, கொளுத்துகிறேன்.

லாய்னாவில் நவம்பர்.
நாலரைக்கே இருட்டிவிட்டது.
ஐந்தாம் எண் டிராம்
ஜன்னல் ஜன்னலாய் வெளிச்சம் ஏற்றிக்கொண்டு
மெர்சபுர்க் பக்கம் போகிறது.
ஆலையின் குழாய்க் காட்டுக்கு மேல் ஆவி.
இங்கே மேசைமேல்
கட்டைவிரல் தடிமனில் ஓர் எஃகுக் குழாய்,
உள்ளே ஒன்றரை கிராம் வினையூக்கி.
போகும்போது வெளிர்சாம்பல்.
வரும்போது
அடிப்பிடித்த பால்சட்டி.

புரோப்பேன் வரும்.
பிளாட்டினத்தின் மேல் ஒரு கணம் இறங்கி
இரண்டு ஹைட்ரஜனைக் கழற்றி வைத்துவிட்டு
புரோப்பீனாய்க் கிளம்பிப் போகும்.
நாங்கள் கேட்டது அவ்வளவுதான்.
சிலது கிளம்புவதில்லை.
இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று
கடைசி ஹைட்ரஜனையும் கழற்றிக் கொடுத்துவிட்டு
வெறுங்கரியாய்ப் படுத்துக்கொள்ளும்,
பக்கத்தில் படுத்ததன் கை கோத்து
அறுகோணம் அறுகோணமாய்
துளைவாய் அடைத்து.

கரி பிடிக்கக் கூட்டம் வேண்டும்.
ஒற்றைப் பிளாட்டின அணுவால் ஆகாது;
நாலைந்து தோள் உரசி நின்றால் ஆகும்.
அதனால் நடுவே வெள்ளீயம் விட்டேன்.
வேலை எதுவும் செய்யாத வெள்ளீயம்.
பேருந்து இருக்கையில் இருவருக்கு நடுவே
பையை மடியில் வைத்து
அசையாமல் உட்கார்ந்திருப்பவனைப் போல
சும்மா இடம் பிடித்திருக்கும்.
அறுபது மணி நேரத்தில் செத்த பொடி
இந்த முறை
இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் தாங்கியது.

ஆனாலும் கரி கரிதான்.
கொஞ்சமாவது பிடிக்கும், எரித்தாக வேண்டும்.

மார்ச்சில் அவசரப்பட்டேன்.
வெள்ளிக்கிழமை, கடைசி டிராம்.
காற்றை ஒரு சுற்று கூடுதலாகத் திறந்தேன்.
ஐந்நூறு என்றிருந்த எண்
எழுநூற்று நாற்பதுக்குத் தாவியது.
வால்வை மூடுமுன்
தூவலாய் இருந்த பிளாட்டினம்
பால் திரிந்தாற்போல் திரண்டுபோனது.
கரி போயிற்று,
கூடவே வேலை செய்யும் கையும்.
ஸில்கே பார்ட்டல் ஒன்றும் சொல்லவில்லை.
பதிவேட்டில் நேரத்தைக் குறித்து
பக்கத்தில் சின்னதாய்
ஒரு டிராம் வரைந்து வைத்தாள்.

இன்று நூற்றில் இரண்டு பங்குதான் ஆக்சிஜன்.
மற்றதெல்லாம் எதிலும் கலக்காத நைட்ரஜன்.
திரியை அடக்கி வைத்த அடுப்பு.
வெளியேறும் கார்பன் டை ஆக்சைடைக்
கருவி எண்ணிக்கொண்டே இருக்கிறது:
நாலு மில்லிகிராம். ஆறு. ஏழரை.
வெள்ளீயம் இல்லாதபோது முப்பத்தெட்டு இருந்தது.
இப்போது மொத்தமே பதினொன்று.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.
எதிரே
காலணி மாற்றிக்கொண்டிருக்கும் ஸில்கே மட்டும்.

ஒன்பதில் நின்றுவிட்டது.
மீதி இரண்டும் இறுகிய கரி;
வெப்பம் கூட்டினால்தான் அசையும்.
கை வால்வுக்குப் போயிற்று.

"போன வாரத்து முதல் மணி நேரத்தைப் பார்த்தாயா?"
என்றாள் ஸில்கே, குனிந்தபடியே.

பார்த்திருந்தேன்.
பளிச்சென்று துடைத்த பொடி
முதல் மணி நேரம் வெறிபிடித்து
வந்ததையெல்லாம் மீத்தேனாய் உடைத்துப் போட்டது.
கொஞ்சம் கரி படிந்த பிறகே
நிதானத்துக்கு வந்தது.
பார்த்தும்
வரைபடத்தில் அந்தத் துண்டை
வெட்டி விட்டிருந்தேன்.
கரி துடைக்கச் சம்பளம் வாங்குகிறவன்
கரிக்குப் பரிந்து எழுதுவதா?

கையை எடுத்துக்கொண்டேன்.
காற்றை நிறுத்தி
நைட்ரஜனை ஓடவிட்டேன்.
மீதக் கரி என்ற கட்டத்தில்
இரண்டு மில்லிகிராம் என்றெழுதி
யோசித்து, கீழே
வேண்டுமென்றே என்று சேர்த்தேன்.
என் தமிழ்க் கைக்கு ஜெர்மன் அந்தச் சொல்
எப்போதும் ஓர் எழுத்து கூடுதல்.
ஸில்கே திருத்தினாள்.

கதவைத் திறந்தபோது
டிராம் போய்விட்டிருந்தது.
அடுத்தது இருபத்தெட்டு நிமிடம்.
போனில் அக்காள்:
குடித்து முடித்தாயா?

இல்லை.
கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன்.